நினைவு மலர் போடுகிறவர்களுக்கு: கேசட் பெட்டி, தேதி, பட்டியல்

கேள்வி: அண்மை ஆண்டுகளில் மறைந்த திரைப்பாடகர்கள், நடிகர்கள், ஓவியர்களுக்காக ஒரு நினைவு மலர் கொண்டுவர இருக்கிறோம். எங்கள் பகுதியில் போன வாரம் காலமான தெருக்கூத்து வாத்தியார் ஒருவரையும் சேர்க்க ஆசை. என்ன எழுதுவது, தகவல்களை எப்படிச் சரிபார்ப்பது, வாத்தியார் வீட்டில் கிடக்கும் நோட்டு, கேசட், போட்டோக்களை என்ன செய்வது?

பதில்:

முதலில் வாத்தியார் வீட்டுக்குப் போங்கள். திரைக்கலைஞர்கள் பற்றிய பக்கங்களை ஆறு மாதம் கழித்தும் எழுதலாம். அவர்களுடைய படமும் பாட்டும் எங்கும் போய்விடாது. வாத்தியார் வீட்டு டிரங்குப் பெட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டை ஒழிப்பார்கள். எண்ணெய்க் கறை படிந்த பாட்டு நோட்டு, கூத்துப் பிரதி, பெயர் எழுதாத கேசட் எல்லாம் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறுவது அந்த வாரத்தில்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அவர் ஒருவருக்கே புரிந்த கையெழுத்து மற்றவர் கண்ணுக்கு வெறும் தாள்.

துக்கம் விசாரிக்கப் போகும்போது பேட்டி எடுக்காதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்: “ஐயாவோட நோட்டு, கேசட், போட்டோ எதையும் போட்டுடாதீங்க. ஒரு பெட்டியில கட்டி வைங்க. காரியம் முடிஞ்சு வந்து உங்க முன்னாலேயே படம் எடுத்துட்டுத் தந்துடறோம்.” எடுத்துக்கொண்டு போக மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். கலைஞர் வீடுகளில் ஆல்பத்தை வாங்கிப் போனவர்கள் திருப்பித் தராத அனுபவம் ஏற்கெனவே இருக்கும்.

திரும்பப் போகும்போது பெட்டியைத் திறந்த நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். எது எதோடு சேர்ந்து கிடந்தது என்பதே ஒரு தகவல். ஒரு நாடகத்தின் பிரதிக்குள் செருகியிருக்கும் அழைப்பிதழ் பெரும்பாலும் அந்த நாடகம் ஆடிய இரவுக்கானது. பிரித்து அடுக்கிவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பொருள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, சிறு தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். ஒட்ட வேண்டாம். செல்லோடேப் சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளையும் கெடுக்கும். லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக்கைத் தாளிலிருந்து பிறகு பிரிக்கவே முடியாது. கிளிப், ஸ்டேப்ளர் பின் இருந்தால் துருப் பிடிக்குமுன் கழற்றிவிடுங்கள்.

நோட்டுகளை அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்களும் விடாமல் படம் எடுங்கள். பாட்டும் வசனமும் உள்ள நோட்டைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். என்னைக் கேட்டால் அதற்குச் சமமான மதிப்பு வரவு செலவு நோட்டுக்கு உண்டு. எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் கூத்து, எவ்வளவு முன்பணம், மத்தளக்காரருக்கு என்ன, முகவீணைக்காரருக்கு என்ன என்று அதில் இருக்கும். ஒரு ஜமாவின் (கூத்துக் குழுவின்) முழு வரலாறும் தேதியோடு கிடைப்பது அந்த ஒரு நோட்டில்தான்.

கேசட்டில் அவசரம் கூடாது. கிடைத்த பிளேயரில் போட்டுப் பார்ப்பதுதான் பெரும்பாலான கேசட்டுகளின் கடைசிக் கணம். முதலில் கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் பட்டைகளை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. ஜன்னல் வழியே டேப்பைப் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை; அதை ஓட்டக் கூடாது. ஓட்டினால் பிளேயரின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் உறுப்பில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியாக உறையிலிட்டு, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட்டின் திறந்த விளிம்பில், நடுவில், செம்புத் தகட்டின் மேல் சிறு கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். பழைய கேசட்டுகளில் அதன் பசை காய்ந்து விழுந்துவிடும். அது இல்லாவிட்டால் டேப் ஹெட்டில் அழுந்தாது, சத்தம் மங்கி மங்கிப் போகும். பதிவே கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். வேறொரு கேசட் கூட்டுக்குள் அதே டேப் சுருளை மாற்றினால் குரல் தெளிவாகத் திரும்பி வரும்.

ஓட்டுமுன் ஒருமுறை கடைசி வரை முன்னால் சுற்றி, திரும்பப் பின்னால் சுற்றுங்கள். பல ஆண்டுகள் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் தளரும். ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். நல்ல நிலையில் உள்ள டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினிக்கு எடுக்க வேண்டும். ஸ்பீக்கர் முன் போனை வைத்துப் பதிவது கூடாது. விலை மலிந்த யுஎஸ்பி கேசட் கருவிகளையும் தவிர்க்கச் சொல்வேன். மோட்டார் வேகம் நிலையாக நிற்காது, சுருதி ஆடும். குரல் மந்தமாகக் கேட்டால் ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகை மெல்லத் திருப்பி, ஜால்ராச் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். வேறு கருவியில் பதிவான டேப்புகளுக்கு இது அவசியம். டால்பி (டேப் இரைச்சலைக் குறைக்கும் வசதி) போட்டுப் பதிந்ததா என்று தெரியாவிட்டால் அணைத்தே வையுங்கள்.

பதிவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2 ஜிபி வரும்; இரண்டு பக்கமும் சேர்ந்த 90 நிமிட கேசட்டுக்கு 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். இடம் போதாவிட்டால் 48 கிலோஹெர்ட்ஸ் போதும், எம்பி3 போதாது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் தொடவே வேண்டாம். விடியற்காலைக் கூத்தில் கேட்கும் கூட்டத்தின் சிரிப்பையும் மத்தளத்தின் அடி ஓசையையும் அது இரைச்சல் என்றே எண்ணும். கேட்பதற்கு வேண்டுமானால் நகல் ஒன்றைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

போட்டோக்களை 600 டிபிஐயில், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படமென்றால் 1200. பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை, தேதி, யாரோ கிறுக்கிய பெயர் இருக்கும். பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பச் சொன்னால் அது அளவைக் குறைத்துவிடும், மலரில் அச்சிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

படத்தில் இருப்பவர்கள் யார் என்பதை இப்போதே கேட்டுவிட வேண்டும். குழுப் படத்தை அச்செடுத்து ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு, அவரோடு ஆடியவர்களிடம் கொண்டுபோங்கள். கேட்க வேண்டியவை திட்டமாக இருக்கட்டும்: எந்த வாத்தியாரிடம் கற்றார், முதலில் கட்டிய வேடம் எது, எந்த வயதில் கட்டியங்காரனாக (கூத்தை நடத்திச் செல்லும் கோமாளி வேடம்) வந்தார் அல்லது வராமல் போனார், துரியோதனனும் கட்டுவாரா பெண்வேடமும் கட்டுவாரா, கிரீடமும் புஜக்கட்டையும் (தோளில் கட்டும் அணி) யார் செய்தது, எந்தெந்த ஊர்களுக்கு ஆண்டுதோறும் போனார், யாருக்குக் கற்றுக்கொடுத்தார். “எப்படிப்பட்ட மனிதர்?” என்று கேட்டால் “ரொம்ப நல்ல மனுஷன்” என்ற பதில்தான் கிடைக்கும். “திரௌபதி துகிலில் அவர் திரைக்குப் பின்னாலிருந்து எப்படி வருவார்?” என்று கேளுங்கள்; எழுந்து நின்று ஆடிக் காட்டுவார்கள். அதை வீடியோ எடுங்கள்.

நாட்டுப்புறப் பாடகர்களுக்கும் இதே முறைதான். 2025 ஜூன் 14 அன்று மறைந்த கொல்லங்குடி கருப்பாயி அம்மாளைப் பெரும்பாலானோர் 1985-இல் வந்த ‘ஆண்பாவம்’ படத்தை வைத்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்கு முன்பே அவர் குரல் வானொலியில் ஒலித்தது. வயலிலும் வீட்டிலும் பாடிய பாட்டு அவருடைய பெரும்பகுதி. அத்தகையவருக்குப் படப் பட்டியல் மட்டும் போட்டால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. நடவு, தாலாட்டு, ஒப்பாரி என்று பாடும் சந்தர்ப்பம் வாரியாகப் பட்டியல் போடுங்கள்.

இனித் திரைக்கலைஞர்கள்.

மறைந்த தேதியிலேயே பாதி மலர்கள் சறுக்கும். செய்தி வந்த தேதி வேறு, உயிர் பிரிந்த தேதி வேறு. டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 இரவு காலமானார். செய்தி ஊரெங்கும் பரவியது 10-ஆம் தேதி. இரண்டு தேதியையும் பார்க்கலாம். 9 என்பதே சரி. தபலா மேதை ஜாகிர் உசேன் விஷயத்தில் இன்னொரு சிக்கல். 2024 டிசம்பர் 15 இரவு இந்தியாவில் இறப்புச் செய்தி ஓடியது, குடும்பத்தார் மறுத்தார்கள், மறுநாள் காலை அவர்களே உறுதி செய்தார்கள். அவர் இருந்தது சான்பிரான்சிஸ்கோவில். அங்கே டிசம்பரில் நேரம் நம்மைவிடப் பதிமூன்றரை மணி பின்னால். நாம் 16 என்று எண்ணிய நேரத்தில் அங்கே 15. இறந்த இடத்தின் தேதியையே எழுத வேண்டும். ஆதாரம் குடும்பத்தின் அறிவிப்பும் மருத்துவமனை அறிக்கையும்தான். முதல் சில மணி நேரத்தில் வந்த எதையும் நம்பி அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

பெயரில் மூன்று இடங்களில் தவறு வரும். ஒன்று, எழுத்து வேறுபாடு. பாலசுப்பிரமணியம், பாலசுப்ரமணியம் இரண்டும் தேடலில் வெவ்வேறு முடிவு தரும். இரண்டிலும் தேடி, மலரில் ஒரே வடிவத்தை வையுங்கள். இரண்டு, ஒரே பெயரில் இருவர். ‘ராசாத்தி உன்ன’ பாடிய பி. ஜெயச்சந்திரன் 2025 ஜனவரி 9 அன்று திருச்சூரில் மறைந்தார். மலையாள இசையமைப்பாளர் எம். ஜெயச்சந்திரன் வேறு. கிராமத்துப் பெண்களை நேரில் நிற்பதுபோல் வரைந்து 2021-இல் கொரோனாவால் மறைந்த ஓவியர் இளையராஜாவைத் தேடினால் இசைஞானிதான் வந்து நிற்பார். ‘ஓவியர்’ சேர்க்காமல் எதுவும் கிடைக்காது. மூன்று, புனைபெயர். 2023 ஜூலையில் புனேயில் மறைந்த ஓவியர் மாருதியின் இயற்பெயர் ரங்கநாதன். அரசு ஆவணம் ஒரு பெயரிலும் படைப்பு இன்னொரு பெயரிலும் இருக்கும்.

பாடகரின் பட்டியல் தயாரிக்கும்போது எதை நம்புவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வந்த இசைத்தட்டின் லேபிள்தான் முதல் ஆதாரம். பாட்டுக்குப் பாட்டு பாடியவர், எழுதியவர் பெயர் அதில் இருக்கும். படத்தின் டைட்டில் கார்டில் ‘பின்னணி பாடியவர்கள்’ என்று மொத்தமாக வரும், எந்தப் பாட்டை யார் என்று சொல்லாது. ஆனால் பெயர் விடுபடாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும். தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகம் அதற்கடுத்தது. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், இசைத்தட்டு எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிற்பாடு வந்த தொகுப்பு கேசட்டுகளின் உறையில் பிழைகள் கூடிவிட்டன. இணையத்தில் பாட்டு கேட்கும் செயலிகளில் இருக்கும் பெயர்கள் கடைசி. அங்கே பாடலாசிரியர் பெயரே இல்லாமல் போவதும், படத்தின் நாயகன் பாடகராகவே மாறிவிடுவதும் வாடிக்கை. மகிழ்ச்சிப் பாட்டும் அதன் சோக வடிவமும் உள்ள படங்களில் இரண்டையும் ஒருவரே பாடியதாகத் தப்பாகச் சேர்ப்பார்கள். தனித்தனியே கேட்டுப் பாருங்கள்.

பதிவான வரிசையும் வெளிவந்த வரிசையும் ஒன்றல்ல. எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தமிழில் முதலில் பாடியது ‘ஹோட்டல் ரம்பா’ என்ற படத்துக்கு. அந்தப் படம் வெளிவரவே இல்லை. மக்கள் அவர் குரலைக் கேட்டது 1969-இல் வந்த ‘அடிமைப் பெண்’, ‘சாந்தி நிலையம்’ படங்களில். ‘முதல் பாட்டு’ என்று எழுதும்போது எதைச் சொல்கிறீர்கள் என்பதைக் குறிப்பிடுங்கள். அவர் ‘கேளடி கண்மணி’யில் நடித்தது, ‘சிகரம்’ படத்துக்கு இசையமைத்தது, கமல்ஹாசனுக்குத் தெலுங்கில் குரல் கொடுத்தது ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும். குரல் கொடுப்பவர்கள் பெயரே வெளியே தெரியாமல் மறைகிறார்கள். 2023 ஜனவரியில் இறந்த சீனிவாச மூர்த்தியின் குரலைத்தான் தெலுங்கு மக்கள் சூர்யாவின் குரலாகக் கேட்டு வந்தார்கள். மலரில் அப்படிப்பட்ட ஒருவருக்கேனும் இடம் கொடுங்கள்.

எண்ணிக்கையில் மிகுந்த கவனம் தேவை. எஸ்.பி.பி. 40,000 பாட்டு பாடினார் என்று எங்கும் எழுதப்படுகிறது. தெலுங்கில் பாடத் தொடங்கிய 1966 முதல் 2020 வரை 54 ஆண்டு. வகுத்தால் ஆண்டுக்கு 740, ஒரு நாள் விடாமல் தினம் இரண்டு. ஒரே நாளில் பல பாட்டுப் பாடிய காலம் அவருக்கு உண்டு என்பது உண்மை. ஆனாலும் வரிவரியாக எண்ணிய பட்டியல் கையில் இல்லாமல் அந்த எண்ணை உங்கள் பொறுப்பில் அச்சிடாதீர்கள். லதா மங்கேஷ்கருக்கு 25,000 என்று 1974-இல் கின்னஸ் போட்டதை முகமது ரஃபி மறுத்தார், பின்னாளில் அந்தப் பதிவே நீங்கியது. அதே கின்னஸ் 2016-இல் பி. சுசீலாவுக்கு ஏற்றுக்கொண்ட எண் 17,695. கடைசி இலக்கம் வரை இருக்கிறது, ஏனென்றால் உட்கார்ந்து எண்ணினார்கள். ஐம்பது பாட்டுதான் உங்களால் உறுதி செய்ய முடிந்ததென்றால் அந்த ஐம்பதைப் போடுங்கள். அவர்கள் புகழுக்கு அதனால் ஒரு குறையும் வராது.

விருதுகளில் ஆண்டு இடறும். தேசிய விருது எந்த ஆண்டுப் படத்துக்கோ அந்த ஆண்டின் பெயரில் அறிவிக்கப்பட்டு, பிறகுதான் கையில் தரப்படும். வாணி ஜெயராமுக்கு ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாட்டுக்காகக் கிடைத்தது 1975-க்கான விருது; 1975-இல் வாங்கினார் என்று எழுதினால் தவறு. அவருக்குப் பத்மபூஷண் 2023 ஜனவரி 25 அன்று அறிவிக்கப்பட்டது, பிப்ரவரி 4 அன்று காலமானார். ‘பத்மபூஷண் பெற்றார்’ என்று எழுதாமல் ‘அறிவிக்கப்பட்டது’ என்று எழுத வேண்டும். அந்தப் பத்து நாள் இடைவெளி வாசகருக்குத் தெரிய வேண்டிய ஒன்று.

இப்போது புதிதாக வந்திருக்கும் சிக்கல், இறந்த பிறகு வரும் படைப்பு. இதை இரண்டாகப் பிரியுங்கள். இருக்கும்போதே செய்து, பிறகு வெளிவந்தவை ஒரு வகை. நடிகர் விவேக் 2021 ஏப்ரலிலும் நெடுமுடி வேணு அதே ஆண்டு அக்டோபரிலும் மறைந்தார்கள். இருவரும் நடித்த ‘இந்தியன் 2’ வந்தது 2024 ஜூலையில். இறந்த பின் செயற்கை நுண்ணறிவால் குரலை உருவாக்கியவை இன்னொரு வகை. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’ பாட்டில் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலும் அப்படித்தான் வந்தன. குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் தெரிவித்தார். 2024 ஜனவரி 25 அன்று மறைந்த பவதாரிணியின் குரல் அதே ஆண்டு ‘சின்னச் சின்னக் கண்கள்’ பாட்டில் ஒலித்ததும் இந்த வகை. கேட்கும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் ‘மயில் போல பொண்ணு ஒண்ணு’ இருக்கும் பட்டியலில் அதைக் கலக்கக் கூடாது. அந்தப் பாட்டில் ஒவ்வோர் இழுப்பையும் எங்கே மென்மையாக்குவது என்று முடிவு செய்தவர் அவர், இதில் அவரில்லை. தனித் தலைப்பில், குரல் எப்படி உருவானது என்ற குறிப்போடு போடுங்கள்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு படைப்பை எடுத்து ஒரு பக்கம் எழுதுங்கள். ‘தேன்குரல்’, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’, ‘குணச்சித்திர நடிகர்’ இவற்றை வெட்டிவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் கட்டுரை. டெல்லி கணேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 1989-இல் ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் வில்லன்களில் ஒருவர். மறு ஆண்டு ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் பாலக்காட்டு மணி ஐயர், சமையல்காரர். இரண்டு படத்துக்கும் இயக்குநர் ஒருவரே, நாயகனும் ஒருவரே, வசனமும் கிரேஸி மோகன்தான். ஆகவே மாறியது என்ன என்பதை நேருக்கு நேர் வைத்துப் பார்க்கலாம். கல்யாணச் சமையல் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் காட்சியை மூன்று முறை ஓட்டுங்கள்: ஒருமுறை முழுதாக, ஒருமுறை சத்தமில்லாமல், ஒருமுறை திரையைப் பார்க்காமல் குரலை மட்டும். பேச்சில் பாலக்காட்டு இழுப்பு எந்தச் சொல்லில் விழுகிறது, பதற்றம் கையில் தெரிகிறதா கண்ணில் தெரிகிறதா என்று நிமிடக் கணக்கோடு குறித்துக்கொள்ளுங்கள். பாடகர் என்றால் இழுப்பு எந்த எழுத்தில் தொடங்குகிறது, மூச்சு எங்கே எடுக்கிறார், மேல் ஸ்தாயியில் குரல் மெலிகிறதா விரிகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

ஓவியருக்கு வேண்டிய குறிப்பு குறைவு: தலைப்பு, ஆண்டு, நீர்வண்ணமா எண்ணெய் வண்ணமா, உயரம் அகலம் சென்டிமீட்டரில், கையெழுத்து எந்த மூலையில், இப்போது யாரிடம். பத்திரிகை ஓவியம் என்றால் இதழின் தேதியும் கதையின் பெயரும் சேர்க்க வேண்டும்.

உரிமை விஷயத்தை அச்சுக்கு முன்பே பேசுங்கள். இந்தியச் சட்டப்படி எழுத்து, இசை, ஓவியம் ஆகியவற்றின் பதிப்புரிமை படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை. ஓவியத்தை விலைக்கு வாங்கியதாலேயே அதை அச்சிடும் உரிமையும் வந்துவிடாது. வாரிசுகளிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முழுப் பாட்டு வரிகளை அச்சிட வேண்டாம். ஆய்ந்து எழுதத் தேவையான ஓரிரு வரி போதும். மறைந்தவர் பாடலாசிரியரோ இசையமைப்பாளரோ என்றால் குடும்பத்தாரிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: 2012 சட்டத் திருத்தத்துக்குப் பின் ராயல்டியில் அவர்களுக்கு உள்ள பங்கு வாரிசுகளுக்கும் உண்டு. அவர் உரிமைச் சங்கத்தில் (ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் சங்கம்) உறுப்பினராக இருந்தாரா என்று பார்த்து, இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து எழுதிப் போட வேண்டும். துக்கத்தில் இது பலருக்குத் தோன்றாது.

கோப்புகளை மூன்று பிரதியாக வையுங்கள்; இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்கில், மூன்றாவது வேறு ஊரில் அல்லது இணையச் சேமிப்பில். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வாத்தியார் வீட்டுக்கு ஒரு டிஸ்கும், அவர் ஆடிய ஊர்களின் பட்டியலை அச்செடுத்தும் கொடுங்கள். பட்டியலின் அடியில் பத்து வரி வெற்றாக விடுங்கள். கூட ஆடியவர்கள் வந்து பார்த்துவிட்டு, விட்டுப்போன ஊர்களைச் சொல்லச் சொல்ல வீட்டுப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.